கிரீஸ் கையோடு முதல் பூசை

நாலு நாளாக அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

பேசிக்கொள்ளவில்லை என்றால், நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. "அம்மா, உப்பு வேணும்னு சொல்லுங்க" என்பான் அண்ணன். "உப்பு உங்க பிள்ளை முழங்கைக்குப் பக்கத்துலயேதான் இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் சின்னவள். அம்மா இரண்டு பேரிடமும் எதுவும் சொல்லாமல் உப்பை எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

சண்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையால். குருமடத்தில் படிப்பை முடித்து, ஆயர் கையால் குருப்பட்டம் வாங்கி, புதுச் சாமியாராக வீட்டுக்கு வந்திருக்கிறான் அண்ணன். வருகிற ஞாயிறு, பிறந்து வளர்ந்த தெருவின் கோவிலிலேயே அவனுடைய முதல் பூசை. அதே ஞாயிறு சின்னவளுக்கு டியூட்டி. அவள் லிஃப்ட் மெக்கானிக்.

"ஞாயித்துக்கிழமை ஆண்டவரோட நாள். அன்னிக்கு ஸ்பேனரைத் தொடக் கூடாது" என்றான் அவன், சாப்பாட்டு மேசையில்.

"லிஃப்ட் என்ன, கிழமை பார்த்தா நிக்குது?"

"கட்டளைன்னா கட்டளைதான்."

"அப்போ அப்பா? அவர் எத்தனை ஞாயித்துக்கிழமை பையைத் தூக்கிட்டு ஓடியிருக்கார்! அவரை எங்க அனுப்பிட்டார் உங்க ஆண்டவர்?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அன்றோடு போயிற்று பேச்சு.

அப்பாவும் லிஃப்ட் மெக்கானிக்தான். பள்ளி விடுமுறை நாட்களில் இரண்டு பிள்ளைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போவார். எதையும் கோடு போட்ட மாதிரி செய்கிற மகனுக்கு 'ரூல்தடி' என்றும், கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் பார்க்கிற மகளுக்கு 'ஸ்பேனர்' என்றும் பெயர் வைத்தவர் அவர்தான். அவர் இறந்துபோனபோது ரூல்தடி குருமடத்தில் இருந்தான். ஸ்பேனர் கல்லூரியை விட்டுவிட்டு அப்பாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. அந்த வேலை அவளுக்கு உயிர். ஆனால், வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வந்து, வீட்டைத் தாங்கியவளிடம் 'நீ செய்யறது பாவம்' என்கிறானே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு காலை அம்மாதான் பஞ்சாயத்து பண்ணி வைத்தாள். சின்னவள் பூசைக்கு வர வேண்டும். ஆனால் கடைசி பெஞ்சில் உட்காரலாம். போனை அதிர்வில் போட்டுக்கொள்ளலாம். கருவிப் பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

"ஆண்டவர் பையைப் பார்த்தா என்னம்மா சொல்வார்?" என்றாள் சின்னவள், அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று.

"அவரும் தச்சுப் பட்டறையில வளர்ந்தவர்தான். பேசாம வா" என்றாள் அம்மா.

கோவில் நிரம்பி வழிந்தது. பூவாசமும் புதுத்துணி வாசமும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து கிடந்தன. வாசல் கதவை ஒட்டி, சின்னவளின் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, பவனி அணிவகுத்து நின்றது. முன்னால் சிலுவை, பின்னால் மெழுகுவர்த்திகள், கடைசியில் பங்குச்சாமியாரும் அண்ணனும்.

அண்ணன் போட்டிருந்த பொன்னிறக் கரை வைத்த பூசை மேலாடை அம்மா தைத்தது. திரைச்சீலை தைப்பதுதான் அம்மாவின் தொழில். ஊரில் பாதி ஜன்னல்களில் அவள் கைத்தையல்தான் ஆடுகிறது. அந்த மேலாடையைத் தைக்கும்போது மட்டும் தையல் மெஷினுக்குக்கூட வாயைக் கட்டிவிட்டது போல வீடே அமைதியாக இருந்தது.

'நல்லாத்தான் இருக்கான்' என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். முதுகில் ஒரு தட்டு தட்ட வேண்டும் போல இருந்தது. வீம்பு விடவில்லை.

முன்வரிசையில் அம்மா திரும்பித் திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இடத்தைக் கைப்பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தாள். அந்த இடம் ரைட்ரைட் மாமாவுக்கு.

ரைட்ரைட் மாமா உறவில்லை, பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்; பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் புகையைக் குடித்ததில் நுரையீரல் கெட்டுப்போய், இப்போது சக்கர நாற்காலியும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயுமாக, கோவில் மதிலை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், தனியாக இருக்கிறார். சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. "உங்கம்மா கூப்பிட்டதுக்காக வர்றேன். அப்புறம் சாப்பாடு" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

பாடகர் குழு தொண்டையைச் செருமிக்கொண்டது. சின்னவளின் இடுப்பில் போன் துடித்தது.

வெளியே வந்து காதில் வைத்தாள். முதலில் மூச்சுதான் கேட்டது.

"ஸ்பேனர்... நான்தான்மா."

"மாமா? எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட்டுக்குள்ள. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. சிக்னலே கிடைக்கல, இப்பதான்... சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. இது வெளியே எடுத்துட்டுப் போற சின்னதும்மா."

"பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. இதோ வந்துட்டேன்."

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். வண்டிகள் ஊருக்கு வெளியே ஒரு கிடங்குத் தீக்குப் போயிருந்தன. வரத் தாமதமாகும் என்றார்கள். அவளுடைய உதவியாளுக்கு ஞாயிறு விடுமுறை. ஊரின் மறுகோடியில் இருந்தான். நின்றுபோன லிஃப்டைக் கையால் நகர்த்துவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் பிரேக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பழக்கமில்லாத கையைச் சக்கரத்தில் வைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

உள்ளே பாய்ந்து பெஞ்சுக்கடியிலிருந்து பையை இழுத்தாள். ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டன. பவனியில் நின்ற அண்ணன் திரும்பினான்.

"எங்க போற?"

நாலு நாளைக்கு அப்புறம் நேராக வந்த முதல் வார்த்தை. அதைக் கொண்டாட நேரமில்லை.

"ரைட்ரைட் மாமா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார். ஆக்ஸிஜன் தீரப்போகுது. சக்கரம் சுத்த ஒரு ஆள் வேணும், யாரும் இல்ல." கேட்டுவிடக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அவள் கண் அவன் கைகளுக்குப் போய்விட்டது.

அவனும் தன் கைகளைப் பார்த்தான். போன வாரம்தான் ஆயர் அந்த உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி ஜெபித்திருந்தார். அதற்கு எத்தனையோ வருடம் முன்னால், அப்பா அதே கைகளைப் பிடித்து அந்தச் சக்கரத்தின் மேல் வைத்து, 'அவசரப்படாம சுத்துடா' என்று சொல்லியிருந்தார்.

வருகைப் பாடல் தொடங்கியது. சிலுவை நகர்ந்தது.

"என்ன நின்னுட்டே?" என்றார் பங்குச்சாமியார். அவர் பூசைக்கு ஒரு நாளும் தாமதித்ததில்லை. அந்தத் தெருவில் கடிகாரம் பழுதானால் அவரைப் பார்த்துச் சரி செய்துகொள்வார்கள்.

"ஃபாதர், பக்கத்துக் கட்டடத்துல ஒருத்தர் லிஃப்ட்ல மாட்டியிருக்கார். நான் போயிட்டு வந்துடறேன்."

"நீயா? அதுக்கு வேற ஆள் பார்க்கலாம்ப்பா. நீ இப்ப குரு!"

"அதனாலதான் ஃபாதர்."

"உன் முதல் பூசைடா இது! ஆண்டவர் காத்துக்கிட்டு இருக்கார்."

"அவருக்கு மூச்சு முட்டாது ஃபாதர். அந்தப் பெரியவருக்கு முட்டுது."

சொல்லிக்கொண்டே மேலாடையைத் தலைவழியாகக் கழற்றி, மடித்து, பங்குச்சாமியாரின் கைகளில் வைத்தான். அந்த அவசரத்திலும் அவன் மடித்ததுதான் சின்னவளுக்குச் சிரிப்பாக வந்தது. அடுத்த நொடி வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

பாட்டு பாதியில் தடுமாறியது. கோவிலே திரும்பிப் பார்த்தது. புதுச் சாமியார் முன்னால் ஓட, கருவிப் பையோடு தங்கை பின்னால் ஓட, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு முன்வரிசையிலிருந்து எழுந்த அம்மா, "யாரு, அவரா? அவருக்கா?" என்று கேட்டபடி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்தாள் சின்னவள்.

"அம்மா, பேசிட்டே இருங்க. அவர் பயந்தார்னா மூச்சு வேகமா போகும், காத்து சீக்கிரம் தீரும். பயப்பட விடாதீங்க."

"நான் என்னடி பேசறது?"

"எதையாவது பேசுங்க. திரைச்சீலையைப் பத்திப் பேசுங்க!"

அம்மா புதுத்துணியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடிய கதவில் வாயை வைத்து, "கேக்குதா? உங்க வீட்டு ஹால் ஜன்னலுக்கு நான் பச்சைதான் சொன்னேன், நீங்கதான் பழுப்புன்னு அடம் பிடிச்சீங்க..." என்று ஆரம்பித்தாள். உள்ளே இருந்து பலவீனமாக ஏதோ மறுப்பு வந்தது. அது போதும் என்று இருவரும் மேலே ஓடினார்கள்.

மொட்டை மாடியில் மெஷின் ரூம். தகரக் கதவைத் திறந்ததும் சூடும் எண்ணெய் வாடையும் முகத்தில் அறைந்தன. சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "மெயினை அணை. பூட்டுப் போடு. சாவி உன் பையில இருக்கணும்."

"அணைச்சாச்சு. பூட்டியாச்சு."

"எல்லா மாடிக் கதவும் மூடியிருக்கா?"

"வர்ற வழியில பார்த்துட்டேன்."

"சக்கரத்தை மாட்டு. நான் பிடிச்சேன்னு சொல்ற வரைக்கும் பிரேக்கைத் தொடாதே."

அப்பாவின் வரிசை. ஒரு படிகூட மாறவில்லை. ரூல்தடி ரூல்தடிதான் என்று நினைத்தாள் சின்னவள். முதல் தடவையாக அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமை வந்தது.

"உள்ளே ஒரே ஆள். எதிர் எடைதான் கனம். பெட்டி மேலதான் போகப் பார்க்கும், அண்ணா. திமிரும்."

"தெரியும். பிடிச்சுட்டேன்."

பிரேக் நெம்புகோலை அவள் தூக்கினாள். சக்கரம் ஒரு உறுமலோடு அசைந்தது. அவன் தோள் இறுகியது. அவள் கயிற்றைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"விடு... பிடி!"

"பிடிச்சேன்."

"விடு... பிடி!"

கால் வட்டம், அரை வட்டம் என்று கயிறு நகர்ந்தது. கயிற்றின் மேல் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் பெயிண்ட் அடையாளம் இருக்கும். நாலாவது மாடியின் அடையாளம் இன்னும் தள்ளி இருந்தது. அண்ணனின் நெற்றி வியர்வை சக்கரத்தின் மேல் சொட்டியது. வெள்ளை அங்கியின் இரண்டு கைகளும் முழங்கை வரை கறுத்துப் போயின.

"நீ எப்பவும் என்கூட சண்டை போடறப்ப அப்பா ஒண்ணு சொல்வாரே, ஞாபகம் இருக்கா?" என்றான் திடீரென்று.

"எது?"

"மெயினை அணை, பூட்டு, கதவைப் பாருன்னு நான் வரிசை தப்பாம ஒப்பிப்பேன். நீ, 'எதுக்கு இவ்வளவு விதி'ன்னு கத்துவே. 'எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கிற ஆளுக்காக'ன்னு சொல்வார்."

"பிடி!"

"பிடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "குருமடத்துல எல்லா விதியும் படிச்சேன். பெட்டிக்குள்ள ஆள் இருக்கறதை மறந்துட்டேன் போல."

அவள் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது போல இருந்தது. துடைக்கக் கை இல்லை; இரண்டு கையும் நெம்புகோலில் இருந்தன.

"அண்ணா, அடையாளம் வந்துடுச்சு. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து!"

நெம்புகோலை இறக்கினாள். பிரேக் 'டக்' என்று கவ்வியது.

நாலாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது. வலது கையின் இரண்டு விரலைத் தூக்கினார்.

"ரைட்... ரைட்..."

அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நாற்காலியை வெளியே இழுத்தாள். அண்ணன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஐந்தாவது மாடிக்குத் தாவினான். பெரிய சிலிண்டரைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தான். குழாயை மாற்றிப் பொருத்தினார்கள். நீலம் மெல்ல மெல்லக் கலைந்து, மாமாவின் முகத்தில் பழைய மாநிறம் திரும்பியது.

அப்போது படிக்கட்டில் புஸ் புஸ் என்று ஒரு சத்தம். பங்குச்சாமியார் ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பொன்னிறக் கரை மேலாடை. பின்னால் பாடகர் குழுவில் பாதி.

அவர் அண்ணனின் கறுத்த அங்கியைப் பார்த்தார். சின்னவளின் கன்னத்துக் கறையைப் பார்த்தார். கடைசியில் மாமாவிடம் குனிந்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"வண்டி ஓடுது."

"பூசைக்கு வர்றீங்களா, இல்ல ஓய்வு எடுக்கணுமா?"

"கிளம்பின வண்டியைப் பாதியில நிறுத்தற வழக்கம் எனக்கு இல்ல சாமி. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு உங்க ஆண்டவர் மேல எல்லாம் நம்பிக்கை கிடையாது."

"பரவாயில்ல. அவரு உங்களை நம்பறதை யாரும் தடுக்க முடியாது." சொல்லிவிட்டு, அங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "வாங்கப்பா, தூக்குங்க. தாமதம் தாமதம்தான், இனிமே ஓடி என்ன பண்றது? படியைப் பார்த்து இறங்குங்க."

கோவிலில் மிச்சமிருந்த பாதிப் பாடகர் குழு, வருகைப் பாடலை முடித்து, திரும்பப் பாடி, அதையும் முடித்து, பல்லவியை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பல்லவிக்குத்தான் பவனி உள்ளே வந்தது. முதலில் சிலுவை. அடுத்து சிலிண்டரோடு ரைட்ரைட் மாமா, கல்யாண மாப்பிள்ளை போல இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு. அவரைத் தள்ளிக்கொண்டு அம்மா, செருப்பில்லாமல். கருவிப் பையோடு சின்னவள். கடைசியில் மேலாடைக்கு அடியிலிருந்து கறுத்த மணிக்கட்டுகள் எட்டிப் பார்க்க, புதுச் சாமியார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

பிரசங்கத்துக்கு அண்ணன் எழுதி வைத்திருந்த தாள் சாமியார்கள் உடை மாற்றும் அறையிலேயே கிடந்தது. அதை எடுக்கப் போகவில்லை.

"இந்த வாரம் என் தங்கச்சிகிட்ட, ஞாயித்துக்கிழமை வேலை செய்யறது பாவம்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தான். "இன்னிக்கு அவகிட்டயே உதவியாளா வேலை பார்த்துட்டு வந்து நிக்கறேன். ஆண்டவரும் ஓய்வுநாள்லதான் ஒருத்தனோட சூம்பின கையைச் சரி பண்ணினார். அவர் மேல கோபப்பட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல. என்னை மாதிரி, விதி எல்லாம் மனப்பாடமா தெரிஞ்சவங்க. கை சூம்பினவனோட முகத்தைத்தான் அவங்க பார்க்கல. குருன்னா பீடத்துக்குப் பக்கத்துல நிக்கறவன்னு நினைச்சேன். மூச்சு முட்டறவங்களுக்குப் பக்கத்துல நிக்கறவன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சது. இதுக்கு மேல பேச எனக்குத் தெரியல."

உட்கார்ந்துவிட்டான். கடைசி பெஞ்சில் சின்னவள் மூக்கைச் சிந்திய சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது.

காணிக்கை முடிந்து, பூசை முறைப்படி குரு கை கழுவுகிற நேரம் வந்தது. உதவிக்கு நின்ற பெண் கிண்ணத்தைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் மசியாகக் கொட்டியது. மறுபடி ஊற்றினாள். அதுவும் மசி. அவள் குனிந்து ரகசியமாக, "ஃபாதர், சோப்பு எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

அந்தக் கோவிலில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் எழுந்ததில்லை. பங்குச்சாமியார் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பூசை முடிந்ததும், புதுக் குருவின் உள்ளங்கைகளை முத்தமிட வரிசை நின்றது. ரேகைகளுக்குள் கிரீஸ் கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சின்னவள் முறை வந்தபோது, குனிந்து முத்தமிட்டுவிட்டு, "தண்ணிக்குப் போகாது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கணும். சாயங்காலம் நானே தேய்ச்சு விடறேன்" என்றாள்.

"இன்னிக்கு இருக்கட்டுமே" என்றான் அவன். அவள் தலையைக் கலைத்துவிட்டான். அவள் தலையிலும் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

கோவில் கூடத்தில் விருந்து. தட்டும் கரண்டியும் பேச்சுமாக ஒரே இரைச்சல். மூலையில் ரைட்ரைட் மாமா பங்குச்சாமியாரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏதோ பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பங்குச்சாமியார் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கம்மா" என்றான் அண்ணன், வாய் நிறைய ரொட்டியோடு.

"நீங்க மேலே சக்கரம் சுத்திட்டு இருந்தீங்களா? பேசிட்டே இருங்கன்னு இவதானே சொன்னா. பேசினோம். ஜன்னல் திரையிலதான் ஆரம்பிச்சது. பச்சையே போடுங்கன்னு ஒத்துக்கிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எனக்கு உயிரே போயிடுச்சு." அம்மா விரலால் மேசை விரிப்பை நீவினாள். "அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார்."

"என்ன கேள்வி?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைத் தனியா பார்த்துட்டு எதுக்கு உட்கார்ந்திருக்கணும், ஒரே வீட்டு ஜன்னலைப் பார்க்கலாமேன்னார்."

சின்னவளின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"சரின்னு சொல்லிட்டேன்."

அண்ணனுக்கு ரொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தான். அதுவரை கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்த ரைட்ரைட் மாமா சட்டென்று தன் சூப் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவர் போலத் தேட ஆரம்பித்தார்.

"அவர் ஞானஸ்நானம் வாங்காதவர்" என்றாள் அம்மா. "வாங்கவும் மாட்டாராம். பொய்யா தலையைக் காட்ட முடியாதுன்னுட்டார். எனக்கோ கல்யாணம் கோவில்லதான் நடக்கணும். நீதான் மந்திரிச்சு வைக்கணும். முடியுமா, முடியாதா, எந்த வழியில முடியும், எனக்குத் தெரியாது. நீ யோசிச்சுச் சொல்லு."

எழுந்தாள். மாமாவின் தண்ணீர் டம்ளர் காலியாக இருந்ததை இங்கிருந்தே கவனித்திருந்தாள் போலும். ஜாடியை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள்.

"ஆனா ரொம்ப நாள் யோசிக்காதேடா ஃபாதர். சிலிண்டரோட இருக்கிற மனுஷன்."